வடக்குப் பள்ளத்துப் புல்

மணற்குன்றுகள், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 29, 1948

அன்புள்ள தோரா,

போன கடிதத்தில் நீ கேட்டிருந்த எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிடுகிறேன். ஆமாம், தண்ணீர்த் தொட்டியில் பாசி வழித்தாயிற்று. ஆமாம், காற்றாலைக்கு எண்ணெய் போட்டாயிற்று. இல்லை, உன் ஜன்னல் திரைகளை இன்னும் துவைக்கவில்லை. கோழிகள் முட்டையிடுகின்றன. தனியாகச் சமைத்துத் தின்று நான் செத்துப்போய்விடவில்லை.

இவன் எதற்கு இவ்வளவு சுற்றி வளைக்கிறான் என்று இந்நேரம் உனக்குத் தோன்றியிருக்கும். சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மழையில்லாத வெறும் இடி இடித்தது. உன் தம்பி யென்ஸின் நிலத்தில் மின்னல் விழுந்து தீப்பிடித்துவிட்டது. புகை நம் வாசலிலிருந்தே தெரிந்தது. தீயைத் தடுக்க ஈரச் சாக்கும் கலப்பையும் எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் குன்றுகள் இரண்டு பக்கமும் கறுத்துவிட்டன. புல்வெளியில் அவன் அறுத்துப் போட்டுவைத்திருந்த காய்ந்த புல் போர் அத்தனையும் சாம்பல். வீடு தப்பியது. மாடுகளும் தப்பின. அவை தின்ன ஒரு தாள் புல் இல்லை.

மறுநாள் வண்டியில் வந்தான். கூட வந்த அவன் மனைவி மேபல் இறங்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், புருவம் இரண்டும் கருகிப்போய்.

"மாடு நிக்குது மச்சான். புல்லு இல்ல," என்றான்.

"பாத்தேன்."

"வித்துரலாம்னு பாத்தா, சுத்துவட்டாரமே காஞ்சு கெடக்கு. இப்ப எவன் வாங்குவான்?"

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. வடக்குப் பக்கம் பார்த்தபடி நின்றான். நான் போய் வடக்குப் பள்ளத்தின் கேட்டைத் திறந்துவிட்டேன்.

"ஒரு மாசம் போதும். அதுக்குள்ள ஆத்துக்கு அந்தாண்ட எங்கயாவது மேய்ச்சல் பிடிச்சிர்றேன். அக்காகிட்ட நீயே சொல்லிரு," என்றான்.

சொல்லிவிட்டேன்.

உன்
ஆர்லோ


சானடோரியம்
செப்டம்பர் 10, 1948

ஆர்லோ,

இந்தக் காசநோய் விடுதியில் படுத்துக்கொண்டேதான் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் நர்ஸ் விடமாட்டாள். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன்.

வடக்குப் பள்ளத்தை எதற்காக ஜூன் மாதமே மூடுகிறோம்? நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணம் ஆன வருடத்திலிருந்து அந்த கேட்டை மூடுகிறவன் நீதான். ஆகஸ்டில் புல் உயிரோடு இருக்கிறது. அடுத்த வருடத்துக்கான பலத்தை வேருக்கு இறக்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்போது கடித்தால் புல்லோடு வேரும் போகும். ஜனவரியில் கடித்தால் காய்ந்த தாள்தான் போகும், வேருக்கு ஒன்றும் ஆகாது. குளிர்காலத்துக்கென்று ஒரு நிலத்தை ஒதுக்குவதன் சூட்சுமம் அவ்வளவுதான்.

நம் சினைப்பசுக்கள் பனியில் எதைத் தின்னும் என்று யோசித்தாயா? பனிக்கு மேலே தலை நீட்டி நிற்கும் புல்லைத் தின்னும். தரையோடு மேய்ந்துவிட்ட புல் பனிக்கு அடியில் கிடக்கும். மாடு குதிரை இல்லை, காலால் தோண்டித் தின்பதற்கு. புல்வெளியில் அறுத்துப் போட்ட போர் புயல் நாட்களுக்கு மட்டும்தான் காணும். குளிர்காலம் முழுக்க அதைப் போட்டால் பிப்ரவரியில் வெறுங்கையோடு நிற்பாய். அதற்குப் பிறகுதான் கன்று போடும் காலமே வரும்.

யென்ஸ் என் தம்பி. அவனுக்கு நடை பழக்கியவள் நான். அப்பா நிலத்தைப் பிரித்தபோது நல்ல பாதி அவனுக்குத்தான் போனது. அதில் நிலம் தாங்காத அளவுக்கு மாட்டை ஏற்றினான். மேலே புல் இருக்கும்வரைதான் நம் குன்றுகள் குன்றுகள். போய்விட்டால் வெறும் மணல். அவனுடைய குன்று ஒன்றில் இன்று காற்று தோண்டிய குழிக்குள் ஒரு வீட்டையே இறக்கலாம். தீ அவன் குற்றமில்லை. அந்தக் குழி அவன் குற்றம்.

ஒரு மாதம் என்றானே. மாதம் முடிந்தால் வெளியே போக வேண்டும்.

மேபலின் புருவத்துக்கு என் வருத்தத்தைச் சொல்.

தோரா


மணற்குன்றுகள்
நவம்பர் 22, 1948

அன்புள்ள தோரா,

இடையில் நீ எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. போன வாரம் முதல் பனி விழுந்தது. வேலையிருந்தது. அதைக் காரணமாகச் சொன்னால் நீ நம்பமாட்டாய், எனக்கும் நம்பிக்கையில்லை.

யென்ஸின் மாடுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

அவன் தேடாமலில்லை. ஆற்றோரம் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிவிட்டான். வறண்ட வருடத்தில் யார் மேய்ச்சல் கொடுப்பார்கள்? நம் மாடுகளைத் தெற்குக் குன்றிலேயே பிடித்து வைத்திருக்கிறேன். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வடக்கே புல் எப்படி இருக்கிறதென்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்கு நின்ற இடத்தில் இப்போது கணுக்காலுக்கு நிற்கிறது. பள்ளத்தின் அடியில், காட்டு பிளம் புதர்கள் இருக்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை.

புல்லைப் பற்றி நீ எழுதியது ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் நீ இரத்தம் இரத்தமாக இருமினாய். பாதையெல்லாம் சேறு. உன்னை ரயிலுக்குக் கொண்டுபோனது யார் வண்டி? நடுவழியில் சக்கரம் புதைந்தபோது முழங்கால் சேற்றில் இறங்கித் தோள் கொடுத்தது யார்? தொற்றிக்கொள்ளும் என்று எல்லாரும் எட்டி நின்றபோது உன்னை அவன்தான் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் ஏறினான். நான் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அவன் முகத்தைப் பார்த்து "மாட்டை வெளிய ஓட்டு" என்று சொல்ல என்னால் ஆகவில்லை. நீ சொல்லலாம். நீ தூரத்தில் இருக்கிறாய்.

ஆர்லோ


சானடோரியம்
டிசம்பர் 6, 1948

ஆர்லோ,

ஆம், தூரத்தில்தான் இருக்கிறேன். விருப்பப்பட்டு வந்ததுபோல் எழுதுகிறாய்.

இங்கே குளிர்காற்றுதான் மருந்து. அதனால் எங்களைத் தாழ்வாரத்தில் வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். கண்ணை மூடினால் நான் வடக்குப் பள்ளத்தில் நடக்கிறேன். எந்தச் சரிவில் எந்தப் புல், எந்த இடத்தில் பனி முதலில் கரையும் என்பதெல்லாம் மனசுக்குள் வந்து போகும். பக்கத்துக் கட்டில் போன வாரம் காலியானது. அதில் இருந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. வசந்தத்தில் என்னை அனுப்பமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன்.

திரும்பி வர எனக்கு ஓர் இடம் வேண்டும், ஆர்லோ. மாடும் புல்லும் போய்விட்டால், நான் பிழைத்து வந்துதான் என்ன செய்ய?

உன்னால் சொல்ல முடியாவிட்டால் நான் சொல்கிறேன். இந்த நிலம் என் பெயரில் இருக்கிறது. கூலிக்கு வந்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊர் பேசியபோதுகூட நான் இந்த வார்த்தையை எடுத்ததில்லை. இப்போது எடுக்கிறேன். இந்தப் பக்கத்தை அவனிடம் காட்டு.

யென்ஸ், புது வருடம் பிறக்கும்போது உன் மாடு ஒன்றுகூட என் வடக்குப் பள்ளத்தில் நிற்கக்கூடாது.

தோரா


மணற்குன்றுகள்
டிசம்பர் 27, 1948

தோரா,

காட்டிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து அவனே கேட்டுவிட்டான்.

"அக்கா என்ன எழுதியிருக்கா? அப்பலேருந்து பையைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறியே."

எடுத்துக் கொடுத்தேன். படித்தான். மடித்துத் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு இன்னொரு துண்டு வாத்துக்கறியை எடுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு சிரித்தான்.

"சின்ன வயசுல தட்டுல மிச்சம் வெச்சா அடிப்பா. இப்ப மிச்சம் வெக்கலன்னு அடிக்கிறா."

நானும் சிரித்தேன். மேபல் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள், இன்னும் யாரும் சாப்பிட்டு முடிக்காதபோதே.

"அக்கா சொல்றது சரிதான் மச்சான். அந்தப் புல்லைப் பாத்தா எனக்கே கூசுது," என்றான் யென்ஸ்.

ஆற்றுக்கு அந்தாண்டை யாரோ ஒரு கிழவரின் சோளத்தட்டைக் காடு கிடைத்திருக்கிறதாம். ஒதுங்க மரம்கூட இல்லாத மொட்டை இடம். பரவாயில்லை என்றான். புது வருடம் கழிந்த ஞாயிறு ஓட்டிப் போகிறான். நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம். உன் பொண்டாட்டி நெலத்துலேருந்து என் மாட்டை ஓட்டறதுக்கு நீ கம்பு பிடிக்க வேணாம். ஊர் சிரிக்கும்," என்றான்.

வானம் நன்றாக இருக்கிறது. ஏப்ரல் மாதம் மாதிரி வெயில். நீ நினைத்ததுபோல் ஆகிவிட்டது. இனி தூங்கு.

ஆர்லோ


மணற்குன்றுகள்
ஜனவரி 24, 1949

அன்புள்ள தோரா,

ராணுவத்தின் பனித்தள்ளும் வண்டி நேற்றுதான் நம் பாதையைத் திறந்தது. தபாலை அவர்கள் கையில் கொடுக்கிறேன்.

புயலைப் பற்றி நீ செய்தித்தாளில் படித்திருப்பாய். ஞாயிறு காலை வெறும் சட்டையோடு வெளியில் நின்றேன். மதியம் வடமேற்கு கறுத்தது. அடுத்த நிமிடம் என் கையே எனக்குத் தெரியவில்லை. பிறகு மூன்று நாள் பகல் என்பதே இல்லை. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போய்வந்தேன். கடைசியில் ஓய்ந்தபோது பனி கூரை விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது. மாடியறை ஜன்னல் வழியாகத்தான் வெளியே இறங்கினேன்.

மாடுகளின் முகத்தில் பனிக்கட்டி முகமூடி மாதிரி ஒட்டியிருந்தது. மூச்சுவிட வழியில்லாமல் நின்றபடியே செத்தவை உண்டு. மிச்சமிருந்தவற்றுக்குக் கையால் தட்டித் தட்டி மூக்கைத் திறந்துவிட்டேன். தெற்குக் குன்றிலிருந்ததில் பெரும்பகுதி தப்பியது. வயதான பசுக்களும் முதல் சினைக் கிடாரிகளும்தான் அதிகம் போயின. வடக்குப் பள்ளத்தில் தின்ன ஒன்றுமில்லை. எல்லாம் பனிக்கு அடியில். போரைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அது எதுவரைக்கும் வருமோ தெரியாது.

விமானத்திலிருந்து புல்கட்டு போடுகிறார்கள். நமக்கு வந்த முதல் கட்டு நேரே கோழிக்கூட்டின்மேல் விழுந்தது. கூரை போய்விட்டது. சேவல் மட்டும் பிழைத்து, விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தொட்டிக்கு அடியில் ஓடி ஒளிகிறது. போடும் புல் கட்டாக வந்தால் கட்டாகவே எடுத்துக்கொள்ளலாம், வழியில் பிரிந்துவிட்டால் காற்று கொண்டுபோய்விடும். கொஞ்சம் நம் வேலியில் தொங்குகிறது, பண்டிகைத் தோரணம் மாதிரி.

நான் நலம். வீடு நலம். நன்றாகச் சாப்பிடு. எதையும் யோசிக்காதே.

உன்
ஆர்லோ


சானடோரியம்
ஜனவரி 31, 1949

ஆர்லோ,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். சேவலைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறாய்.

ஞாயிறு என்றுதானே சொன்னாய்? யென்ஸ் மாட்டை ஓட்டிப் போகிற ஞாயிறு?

என் தம்பி எங்கே?

தோரா


மணற்குன்றுகள்
பிப்ரவரி 8, 1949

தோரா,

உனக்கு அதிர்ச்சி கொடுக்கக்கூடாது என்று உன் டாக்டர் எழுதியிருந்தார். அதனால் மறைத்தேன். தபாலில் வேண்டாம், பாதை திறந்ததும் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தேன். மாடுகளை விட்டுவிட்டு வரமுடியவில்லை. இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை.

யென்ஸ் போய்விட்டான்.

அன்று காலை குதிரையில் தனியாக வந்தான். நான் நம் தொட்டியில் பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருந்தேன். கையை ஆட்டிவிட்டு வடக்கே போனான். பள்ளத்தின் அடியில் பிளம் புதர்களுக்குள் ஒதுங்கியிருந்த மாடுகளை எல்லாம் கிளப்பி, மேலே மேற்கு கேட் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறான். அங்கேதான் புயல் பிடித்தது. மாடு காற்றை எதிர்த்து நடக்காது, உனக்குத் தெரியும். எல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டு காற்று தள்ளிய திசையில் நகர ஆரம்பித்திருக்கின்றன. அவன் விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்திருக்கலாம். விடவில்லை. அவற்றின் பின்னாலேயே போயிருக்கிறான்.

தென்கிழக்கு மூலையில் வேலி தடுத்தது. முன்னால் போனவை கம்பியில் முட்டி நிற்க, பின்னால் வந்தவை ஏறி மிதிக்க, அங்கே ஒரு குவியலே கிடந்தது. அவன் கம்பியை வெட்டியிருக்கிறான். நான்கு இழையையும். வெட்டிய வழியாக நுழைந்த மாடுகள் நம் புல்வெளிக்கு வந்து போர்களின் மறைவில் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டன. அவன் வேலியோரமே உட்கார்ந்திருந்தான். குதிரை பக்கத்தில் கிடந்தது. புயல் ஓய்ந்த அன்று நான்தான் பார்த்தேன். கம்பி வெட்டும் குறடு கையுறையோடு ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பனியில் இழுக்கும் பலகை வண்டியில் கிடத்தி மேபலிடம் கொண்டுபோனேன். கதவைத் திறந்து பார்த்தாள்.

"உள்ள கொண்டா. வெளிய குளிருது," என்றாள்.

நானும் அவளும் தூக்கி உள்ளே கிடத்தினோம்.

பிழைத்த மாடுகளை நம் புல்வெளியிலேயே வைத்து உன் போரைத்தான் போடுகிறேன். இந்த முறையும் உன்னைக் கேட்கவில்லை.

நான் கூடப் போயிருக்க வேண்டும். அவன் வேண்டாம் என்றான். வேண்டாம் என்று சொன்னாலும் போயிருக்க வேண்டும்.

ஆர்லோ


சானடோரியம்
பிப்ரவரி 27, 1949

ஆர்லோ,

கடிதம் கிடைத்தது. காய்ச்சல் ஏறி, எழுத விடவில்லை.

மேபலுக்கு எழுத வேண்டும் என்று தாளை எடுக்கிறேன். அவள் பெயரை எழுதுகிறேன். அதற்கு மேல் ஓடவில்லை.

அவன் மாடுகளுக்குப் போட்டுக்கொண்டே இரு. போர் எதற்காக இருக்கிறது?

புல்லைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் மனசுக்குள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். எங்கேயாவது தப்பிருக்காதா என்று தேடுகிறேன். ஒன்றுகூடத் தப்பில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

தோரா


மணற்குன்றுகள்
மே 15, 1949

அன்புள்ள தோரா,

கன்று போடுவது ஒருவழியாக முடிந்தது. பசுக்களுக்கு எலும்பும் தோலும்தான் மிச்சம். பல கன்றுகளுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. மடியில் பாலுமில்லை. பிழைத்ததைவிடப் போனதுதான் அதிகம் என்று நினைக்காதே, சமமாக இருக்கும்.

பனி கரைந்த பிறகு வடக்குப் பள்ளத்தை நடந்து பார்த்தேன். உனக்குப் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அடிப்பகுதி பச்சை பிடிக்கிறது. மேற்குச் சரிவில் திட்டுத்திட்டாக ஒன்றுமே முளைக்கவில்லை. ஓரிடத்தில் மணல் நகரத் தொடங்கிவிட்டது. நம் சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஒரு குழி. பழைய மட்கிய புல்லையும் சாணத்தையும் கொட்டி, மேலே முள்கம்பிச் சுருளைப் போட்டு வைத்திருக்கிறேன். காற்று கொஞ்சம் கருணை காட்டினால் நிற்கும்.

யென்ஸின் மாடுகள் இன்னும் நம்மிடம்தான். மேபல் தினம் காலையில் வருகிறாள். அவளே போர் இழுத்துப் போடுகிறாள், அவளே கன்று இழுக்கிறாள். குளிரில் அவளுடைய இடது கை விரல் நுனிகள் போய்விட்டன, ஆனாலும் யாரையும் உதவிக்குக் கூப்பிடமாட்டாள். என்னிடம் மாட்டைப் பற்றி மட்டும் பேசுவாள். "அந்தச் செவலைக்குக் காலு வீங்கியிருக்கு." "நாளைக்குத் தொட்டிய மாத்தணும்." அவ்வளவுதான். அவர்கள் நிலத்தில் தீ எரிந்த இடமெல்லாம் இப்போதுதான் இலை விடுகிறது.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. அடுத்த வாரம் உன்னைப் பார்க்க ரயிலேறுகிறாள். நேற்று வந்து சொன்னாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது."

நானும் கூட வரட்டுமா என்றேன். "மாட்டை யாரு பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். என்ன சொல்லப்போகிறாளோ தெரியவில்லை. அவள் எதைச் சொன்னாலும் நீ எதிர்த்துப் பேசாதே.

உன்
ஆர்லோ


சானடோரியம்
மே 26, 1949

அன்புள்ள ஆர்லோ,

மேபல் வந்துவிட்டுப் போனாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நர்ஸ் இன்று எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்று விட்டுவிட்டாள். என் முகம் அப்படியிருந்தது போலும்.

பார்க்க வருகிறவர்களைத் தாழ்வாரத்தில் எங்கள் கட்டிலிலிருந்து எட்டித்தான் உட்காரவைப்பார்கள். அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து போட்டாள். நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். மேபல் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டாள்.

"இருமல் எப்படியிருக்கு?"

"அப்படியேதான்."

"எளைச்சிட்ட."

"நீயும்தான்."

கையுறையைக் கழற்றினாள். அந்த விரல்களைப் பார்க்கவேண்டாம் என்று முகத்தைத் திருப்பினேன். அது அவளுக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே மடியின்மேல் விரித்து வைத்துக்கொண்டாள்.

"நான் அழுது காட்ட வரல. ஒன்னு கேக்க வந்தேன். ஆர்லோவ விட்டுக் கேக்கச் சொல்லமாட்டேன். உன் தம்பி போன வருஷம் பண்ணின மாதிரி சும்மா நின்னு வடக்க பாத்துக்கிட்டும் இருக்கமாட்டேன். வாயத் தொறந்து கேக்கறேன். இந்தக் குளிருக்கு எனக்கு வடக்குப் பள்ளம் வேணும். எங்க நெலத்துல இன்னும் புல்லு நிக்கல. தருவியா, மாட்டியா?"

அவள் முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "எடுத்துக்கோ மேபல். எத்தனை மாடு வேணும்னாலும் விட்டுக்கோ. எப்ப வேணும்னாலும்."

அவள் சந்தோஷப்படுவாள் என்றுகூட நான் நினைக்கவில்லை. ஏதோ கொடுத்தோம் என்ற நிம்மதி எனக்கு வந்தது, அவ்வளவுதான். அதுவும் ஒரு நொடிக்குத்தான். அவள் முகம் கழுத்திலிருந்து சிவந்துகொண்டே ஏறியது.

"எடுத்துக்கோவா?"

"ஆமா."

"அப்ப கிறிஸ்துமஸப்ப ஏன் முடியல?"

நான் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டேன். அவள் விடவில்லை.

"இப்ப முடியும்னா அப்பவும் முடிஞ்சிருக்கும் இல்ல? நீ சும்மா எழுதின எழுத்துக்கா அவரு மாட்டைக் கிளப்பிக்கிட்டுப் போனாரு? என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? 'அக்கா சொன்னா அதுல விஷயம் இருக்கும். புல்லு விஷயத்துல அவ பொய் சொல்லமாட்டா.' அதை நம்பித்தான் தோரா நான் இந்த அஞ்சு மாசம் எழுந்து நடமாடறேன். இங்க வந்தா நீ மிட்டாய் குடுக்கற மாதிரி எடுத்துக்கோங்கற!"

சத்தம் கேட்டு மற்ற கட்டில்களில் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நெஜத்தைச் சொல்லு. புல்லு தாங்குமா?"

உன் கடிதத்தில் இருந்த மேற்குச் சரிவை நினைத்துக்கொண்டேன். ஒரு குளிர்காலம் மாடு மேய்ந்தால், அடுத்த வசந்தத்துக் காற்றில் அந்தக் குழி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

"தாங்காது," என்றேன். "இந்த வருஷம் ஒரு மாடுகூட அதுல வாய் வைக்கக்கூடாது. அடுத்த வருஷமும் பாத்துத்தான் சொல்லணும். உன் மாடும் சரி, என் மாடும் சரி."

"முடியாதுங்கற."

"முடியாது."

"அப்படிச் சொல்லு," என்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் கையை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் தட்டிவிட்டிருப்பாள். அவள் அழுது முடிக்கும்வரை கூடவே படுத்துக் கிடந்தேன்.

மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள். மணி அடிக்கும்வரை அதைத்தான் பேசினோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே பேச்சு அதுதானே. ஜூலையில் நம் புல்வெளியை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அறுங்கள். இரண்டு வீட்டு மாடும் இனி ஒரே மந்தையாக நிற்கட்டும். அந்தப் போரும் தெற்குக் குன்றும் எத்தனை மாட்டைத் தாங்குமோ அத்தனைதான் இலையுதிர் காலத்துக்கு மேல் இருக்கலாம். மிச்சம் சந்தைக்குப் போகட்டும். யாருடையதை முதலில் அனுப்புவது என்பதில் சண்டை வந்தது. நம்முடையதை என்றேன் நான். இரக்கமா என்று முறைத்தாள். இல்லை, நம் மாடுகளுக்கு வயதாகிவிட்டது, பல்லைப் பார்த்தாலே தெரியும் என்றேன். அது உண்மை. ஒத்துக்கொண்டாள்.

போகும்போது உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. நானும் மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் ஒரு மிட்டாயாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனாள். வெளி கேட் வரைக்கும் அவள் தொப்பி தெரிந்தது. அதற்கப்புறம் நான் இருமினேன், நிறைய. பயப்படாதே, வழக்கமானதுதான்.

இங்கிருந்து நான் எப்போது வருவேன், வருவேனா என்பதெல்லாம் தெரியாது. அதற்காகக் காத்திருக்காதே. செய்ய வேண்டியதைச் செய். வடக்குப் பள்ளத்து கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடு. சாவி உன்னிடம் வேண்டாம், நீ இளகின மனசுக்காரன்.

மேபலிடம் கொடு.

உன்
தோரா